அழிந்துவரும் உயிரினங்களையும் வாழிடங்களையும் காக்க நிதிநல்கை பெறுவது எப்படி: கடலூர், புதுச்சேரிக் குழுக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கடலூர் மாவட்டத்திலும் புதுச்சேரிப் பகுதியிலும் பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி எனும் கடல் ஆமை), சதுப்புநிலக் காடு, ஏரிப் பறவைகள், கோயில் காடு என்று ஏதேனும் ஒன்றைக் காக்க முனைந்திருக்கும் சிறு குழுக்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. ஊரில் சிலர் சேர்ந்து, சொந்தக் காசைப் போட்டு, சில பருவங்கள் வேலை செய்துவிட்டு, இனி வெளியிலிருந்து நிதி வந்தால்தான் தொடர முடியும் என்ற நிலைக்கு வந்தவர்களுக்கு இது பயன்படும்.

புதியவர்களைத் தடுக்கிவிடுவது எழுத்துத் திறமைக் குறைவு அன்று, வேலை செய்யும் வரிசைதான். கொடையாளரின் இணையதளத்தைத் திறந்த கையோடு படிவத்தை நிரப்பத் தொடங்குகிறார்கள். நல்ல கருத்துரு (திட்ட முன்மொழிவு) எழுதி, நிதியும் ஒப்புதலான பிறகு, அந்தப் பணத்தைச் சட்டப்படி வாங்கிக்கொள்ளக் கணக்கு இல்லாமலோ, ஆமை முட்டையைத் தொட வனத்துறை அனுமதி இல்லாமலோ நின்றுவிடுகிறார்கள். ஆகவே கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். விண்ணப்பத்தை எழுதும் வேலை ஒன்பதாவது படியில்தான் வருகிறது.

1. அமைப்பின் தாள்களை ஒழுங்குபடுத்துதல்

முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது உங்கள் சங்கத்தின் துணை விதிகளை. நம் பகுதியில் பல குழுக்கள் இளைஞர் நற்பணி மன்றமாகப் பதிவானவை. நோக்கங்கள் என்ற பகுதியில் விளையாட்டு, இரத்ததானம், கல்வி உதவி என்று இருக்கும். சுற்றுச்சூழல், வனஉயிரினம் என்ற சொற்களே இருக்காது. நோக்கத்தில் இல்லாத வேலைக்கு நிதி வாங்கினால் தணிக்கையிலும் வருமான வரியிலும் கேள்வி எழும். பொதுக்குழுவைக் கூட்டித் தீர்மானம் போட்டு, திருத்தத்தைப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்து, முத்திரையிட்ட பிரதியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது செயற்பரப்பு. தமிழ்நாட்டில் சங்கங்கள் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழும், புதுச்சேரியில் 1860ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழும் பதிவாகின்றன. பாகூர்ப் பக்கம் எல்லை ஊருக்கு ஊர் பின்னிக் கிடப்பதால், புதுச்சேரியில் பதிவான குழு கடலூர்க் கடற்கரையில் வேலை செய்வது இயல்பாக நடக்கிறது. ஆமைக்கு எல்லை கிடையாது என்றாலும் சங்கத்துக்கு உண்டு. துணை விதியில் இரு பகுதிகளையும் குறிப்பிடுங்கள்.

இவற்றோடு பதிவுச் சான்றிதழ், சங்கத்தின் பெயரிலான பான் அட்டை, தன்னார்வ அமைப்புகளுக்கு நிதி ஆயோக் தளம் தரும் தர்பண் எண், வருமான வரி விலக்குக்கான 12ஏ, நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி பதிவுகள், கடைசி மூன்று ஆண்டுகளின் தணிக்கை அறிக்கை ஆகியவற்றை ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள். இவற்றில் மிகவும் கவனிக்கப்படுவது தணிக்கை அறிக்கைதான். ஆண்டுக்கு ஐம்பதாயிரம் ரூபாய் செலவு செய்த சங்கம் இருபது லட்சம் கேட்டால், எவ்வளவு நல்ல திட்டமானாலும் கொடையாளர் தயங்குவார். கையிலிருந்து போட்ட பணத்தையும் நன்கொடையாகக் கணக்கில் ஏற்றி, ரசீது வைத்துச் செலவு எழுதியிருந்தால் உங்கள் உண்மையான அளவு தாளில் தெரியும். முதல் நிதிநல்கைக்கு இதைவிட வலுவான சான்று வேறில்லை.

2. உள்நாட்டுப் பணமா, வெளிநாட்டுப் பணமா என்று பிரித்தல்

கொடையாளரைத் தேடும் முன்பே இதைத் தீர்மானித்துவிட வேண்டும். வெளிநாட்டு அறக்கட்டளையின் பணம் ஒரு ரூபாயாக இருந்தாலும் 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது ஆடிட்டர்கள் சொல்லும் எஃப்சிஆர்ஏ, குறுக்கே வரும். இந்திய அமைப்பு ஒன்று தான் வெளிநாட்டிலிருந்து பெற்ற பணத்தை ரூபாயில் கொடுத்தாலும் அது வெளிநாட்டுப் பங்களிப்பாகவே கருதப்படும். “ரூபாயில்தானே வருகிறது” என்ற சமாதானம் செல்லாது.

எஃப்சிஆர்ஏ பதிவு பெற, சங்கம் தொடங்கிக் குறைந்தது மூன்று ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். கடந்த மூன்று நிதியாண்டுகளில் தன் நோக்கங்களுக்காகக் குறைந்தது 15 லட்சம் ரூபாய் செலவிட்டிருக்க வேண்டும். பெரும்பாலான கடற்கரைக் குழுக்கள் இந்த இரண்டாவது நிபந்தனையில் தகுதி இழக்கும். அவற்றுக்கான வழி முன் அனுமதி. குறிப்பிட்ட கொடையாளர், குறிப்பிட்ட தொகை, குறிப்பிட்ட திட்டம் ஆகியவற்றுக்கு மட்டும் அனுமதி கேட்டு, கொடையாளரின் உறுதிக் கடிதத்துடன் உள்துறை அமைச்சகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பதிவானாலும் முன் அனுமதியானாலும் பணம் முதலில் வந்து சேர வேண்டிய இடம் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் திறக்கப்பட்ட கணக்கு. அங்கிருந்துதான் உள்ளூர்க் கணக்குக்கு மாற்றலாம்.

எஃப்சிஆர்ஏ உள்ள பெரிய அமைப்பொன்று பணத்தை வாங்கி நமக்குப் பிரித்துத் தரட்டும் என்று முன்பு பலர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். 2020 திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டுப் பங்களிப்பை வேறு எவருக்கும் மாற்றித் தர முடியாது. வாங்குபவரும் எஃப்சிஆர்ஏ பதிவு பெற்றவர் என்றாலும் இதே விதிதான். பெரிய அமைப்போடு சேர்ந்து வேலை செய்வதானால், திட்டத்தை அந்த அமைப்பே நடத்த வேண்டும். உங்கள் ஆட்கள் அதன் ஊதியப் பட்டியலில் இருக்க வேண்டும். பொருள்கள் அதன் பெயரில் வாங்கப்பட வேண்டும். இதற்கு உங்கள் குழு மனம் ஒப்புமா என்பதை முதலிலேயே பேசித் தீர்த்துவிடுங்கள்.

தனிநபருக்கும் நிதி தரும் வெளிநாட்டு அறக்கட்டளைகள் இருக்கின்றன. அதற்காக, சேமிப்புக் கணக்கில் பணம் வரட்டும் என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். எஃப்சிஆர்ஏ விவரம் அறிந்த ஆடிட்டரிடம் எழுத்தில் கருத்து வாங்கிய பிறகே அடுத்த அடி எடுத்து வையுங்கள்.

3. வனத்துறை அனுமதியும் ஊர் ஒப்புதலும்

1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதற்குத் தரும் விளக்கத்தைப் பலர் படித்திருப்பதில்லை. கொல்வதும் பிடிப்பதும் மட்டும் வேட்டை ஆகாது. பறவை, ஊர்வன ஆகியவற்றின் முட்டைகளையோ கூடுகளையோ கலைப்பதும் அதில் அடங்கும். பங்குனி ஆமை அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிரினம். ஆகவே வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் கூட்டைத் தோண்டி முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றுவது, எவ்வளவு நல்லெண்ணத்தோடு செய்தாலும், சட்டத்தின் கண்ணில் குற்றம். கருத்துருவில் “முட்டைகளைச் சேகரிப்போம்” என்று அனுமதிக் குறிப்பு இல்லாமல் எழுதும் குழுவை, துறை அறிந்த மதிப்பீட்டாளர் அந்த வரியிலேயே நிறுத்திவிடுவார்.

கடலூர்க் கடற்கரைக்கு முதலில் வனச்சரகரையும் பிறகு மாவட்ட வன அலுவலரையும் சந்தியுங்கள். தலைமை வனஉயிரினக் காப்பாளருக்கான விண்ணப்பம் அவர்கள் பரிந்துரையோடு சென்னைக்குப் போவதே நல்லது. புதுச்சேரி எல்லைக்குள் நல்லவாடு, நரம்பை போன்ற ஊர்களுக்குப் புதுச்சேரி வனம் மற்றும் வனஉயிரினத் துறையிடம் தனியே பெற வேண்டும். ஊசுட்டேரி போன்ற சரணாலயத்துக்குள் கணக்கெடுப்பு செய்ய, உள்ளே நுழைவதற்கே தனி அனுமதி தேவை. கருத்துரு அனுப்பும்போது அனுமதியே கையில் இருக்க வேண்டும் என்று எல்லாரும் கேட்பதில்லை. ஆனால் விண்ணப்பித்ததற்கான ஒப்புகைச் சீட்டோ, மாவட்ட வன அலுவலரின் ஆதரவுக் கடிதமோ இணைப்பில் இருந்தால் உங்கள் நிலையே வேறு.

கரையில் நிரந்தரக் கட்டுமானம் எதையும் திட்டத்தில் சேர்க்காதீர்கள். ஆமை முட்டையிடும் இடங்களும் சதுப்புநிலக் காடுகளும் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி மிகக் கடுமையான பாதுகாப்பு கொண்ட முதல் வகைக்குள் வருகின்றன. மூங்கிலும் வலையும் கொண்டு, பருவம் முடிந்ததும் பிரித்தெடுக்கக்கூடிய பொரிப்பகமே போதும்.

அரசு அனுமதிக்கு இணையானது ஊர்ப் பஞ்சாயத்தாரின் ஒப்புதல். படகு ஏற்றி, வலை காயப்போட்டு, ஊரே புழங்கும் மணலில்தான் நீங்கள் இரவு முழுவதும் நடக்கப்போகிறீர்கள். ஊர்க் கூட்டத்தில் போய்ப் பேசும்போது ஆமைச் சாவுக்கு மீனவர்தான் காரணம் என்ற தொனி துளியும் வரக்கூடாது. மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டிய ஆமை, மணிக்கணக்கில் இழுக்கப்படும் இழுவலைக்குள் சிக்கினால் மூழ்கிச் சாகிறது. கரையோரத்தில் ஃபைபர் படகில் செவுள் வலை விடுபவரின் தொழில் வேறு, அவர் வலையில் ஆமை சிக்கினால் அவருக்கும் வலை கிழிந்து நட்டம். இந்த வேறுபாடு தெரிந்து பேசுபவரை ஊர் ஏற்றுக்கொள்ளும். தீர்மானத்தைக் கடிதமாக வாங்கி, அதையும் இணைப்பில் சேருங்கள்.

4. சிக்கலை ஒரே வாக்கியத்தில் எழுதுதல்

இதற்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாம் இதிலிருந்துதான் பிறக்கின்றன. புதியவர்கள் எழுதும் வாக்கியம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: “கடல் ஆமைகள் அழிந்து வருவதால் அவற்றைக் காக்க மக்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்துவோம்.” இதில் இடம் இல்லை, காலம் இல்லை, காரணமும் இல்லை. படிப்பவர் சரிபார்க்கக்கூடிய சொல் ஒன்றுகூட இல்லை.

அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: “தாழங்குடாவுக்கும் தேவனாம்பட்டினத்துக்கும் இடைப்பட்ட கரையில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை இடப்படும் பங்குனி ஆமைக் கூடுகளைத் தெருநாய்கள் தோண்டிவிடுகின்றன, இரவு ரோந்தும், கூட்டின்மேல் பதிக்கும் கம்பி வலைக் கூடையும் இந்த இழப்பைக் குறைக்கும்.” இப்போது செயல்பாடு எது, கணக்கெடுக்க வேண்டியது எது, எந்தப் பொருளுக்குப் பணம் கேட்க வேண்டும் என்பவை தாமாகவே தெரிந்துவிடுகின்றன.

காரணத்தைச் சரியாகக் கண்டுபிடிப்பது ஏன் முக்கியம் என்பதற்குப் பிச்சாவரமே பாடம். அங்கே காடு சிதைந்த பரப்புகளில் வெறுமனே கன்று நட்டால் பிழைக்கவில்லை. மரங்களை மொத்தமாக வெட்டிய பிறகு மண் தாழ்ந்து தொட்டி போல ஆகி, ஏறி வந்த கடல்நீர் வெளியேற முடியாமல் தேங்கி, வெயிலில் ஆவியாகி, உப்பு மிகுந்துபோனதே காரணம். மீன் முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதநீர் ஏறி இறங்க வழி செய்த பிறகுதான் நட்ட கன்றுகள் நிலைத்தன. இத்தனை ஆயிரம் கன்று நடுவோம் என்று மட்டும் எழுதும் கருத்துருவைப் படிக்கும் அனுபவசாலி, “நீரோட்டத்துக்கு என்ன செய்யப்போகிறீர்கள்” என்றுதான் முதலில் கேட்பார்.

5. ஒரு பருவத்துத் தரவாவது கையில் வைத்திருத்தல்

நிதி வந்த பிறகு கணக்கெடுப்போம் என்று காத்திருக்காதீர்கள். நூறு பக்க நோட்டும் கைப்பேசியும் போதும். தேதி, நேரம், இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை, கூடா அல்லது முட்டையிடாமல் திரும்பிய தடமா, நாய் தோண்டியதா, யார் பார்த்தது என்று ஒவ்வொரு வரியும் ஒரே வடிவில் இருக்கட்டும். இறந்து கரை ஒதுங்கிய ஆமையைக் கண்டால் ஓட்டின் நீளத்தை வளைவோடு அளந்து, துடுப்பில் வலைத் தழும்பு உண்டா என்று பார்த்து எழுதுங்கள். அடுத்த நாள் வேறொருவர் அதையே மறுபடியும் எண்ணிவிடாதிருக்க ஓட்டின்மேல் பெயிண்ட்டால் அடையாளம் இடுங்கள். ஆள் நடக்காத நாட்களையும் எழுத வேண்டும். கூடு இல்லாத இரவும் யாரும் போய்ப் பார்க்காத இரவும் நோட்டில் ஒன்றுபோலத் தெரிந்தால் அந்தக் கணக்கை யாரும் நம்பமாட்டார்கள்.

உயிரினத்தின் பாதுகாப்பு நிலையை நினைவிலிருந்து எழுதாதீர்கள். பங்குனி ஆமை, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயுசிஎன் வெளியிடும் செம்பட்டியலில் பாதிப்புக்குள்ளாகக்கூடியது என்ற நிலையில் இருக்கிறது. அதைவிடக் கடுமையான நிலைகளைச் சொல்லி எழுதினால் இரக்கம் கூடும் என்று நினைப்பது தவறு, நம்பிக்கைதான் குறையும். பச்சை ஆமை எனப்படும் பேராமையோ 2025 அக்டோபரில் குறைந்த கவலைக்குரியது என்று மாற்றப்பட்டுவிட்டது; பழைய நிலையை எழுதினால் நீங்கள் பட்டியலைத் திறந்தே பார்க்கவில்லை என்பது வெளிப்படும். அனுப்பும் நாளன்று செம்பட்டியலையும் சட்ட அட்டவணையையும் மறுபடி பாருங்கள். அட்டவணைகள் 2022 திருத்தத்தில் மாற்றி அமைக்கப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளன.

6. பொருந்தும் கொடையாளரைத் தேர்ந்தெடுத்தல்

பத்து இடங்களுக்கு ஒரே கருத்துருவை அனுப்புவதைவிட, பொருந்தும் இரண்டு இடங்களுக்குத் தனித்தனியாக எழுதுவதே பலன் தரும். ஒவ்வொரு கொடையாளரும் விதிக்கும் எல்லைகளை முதலில் பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை போன்ற பல்லுயிர் மையப் பகுதிகளுக்கு என்று ஒதுக்கப்பட்ட நிதிகளில் நம் சோழமண்டலக் கரை சேராது. அங்கே விண்ணப்பிப்பது நேர விரயம்.

பிரிட்டனின் ரஃபோர்டு அறக்கட்டளை, வளரும் நாடுகளில் களப்பணி செய்யும் சிறு குழுக்களுக்கும் இளம் ஆய்வாளர்களுக்கும் படிப்படியாகக் கூடும் சிறு நிதிகளைத் தருகிறது; உங்கள் வேலையை அறிந்த மூன்று பேரின் பரிந்துரையை அது கேட்கும். முகமது பின் சயீது உயிரினப் பாதுகாப்பு நிதியம், ஓர் உயிரினத்தை மையமாக வைத்த திட்டங்களுக்கு 25,000 டாலர் வரை தருகிறது. “கடலூர்க் கடற்கரையின் சூழலைக் காத்தல்” என்று பரந்து எழுதினால் அங்கே எடுபடாது. இரண்டுக்கும் இரண்டாம் படியில் சொன்ன எஃப்சிஆர்ஏ வேலை முடிந்திருக்க வேண்டும்.

எஃப்சிஆர்ஏ இல்லாத குழுக்களுக்கு என் பரிந்துரை, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியாகிய சிஎஸ்ஆர்தான். 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர இலாபம் 5 கோடி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், மூன்று ஆண்டுச் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் செலவிட வேண்டும். தாவரங்கள், விலங்குகள், சூழல் சமநிலை ஆகியவற்றின் பாதுகாப்பு ஏழாம் அட்டவணையில் அனுமதிக்கப்பட்ட செலவு. தாம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. நெய்வேலியும் கடலூர் சிப்காட்டும் புதுச்சேரியின் தொழிற்பேட்டைகளும் அருகிலேயே இருக்கின்றன. பணம் பெற விரும்பும் அமைப்பு மூன்று ஆண்டு அனுபவத்தையும் 12ஏ, 80ஜி பதிவுகளையும் காட்டி, சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவு செய்து எண் பெற்றிருக்க வேண்டும். இது 2021 ஏப்ரல் முதல் கட்டாயம். எண் இல்லாமல் போய்ப் பேசினால் பேச்சோடு முடியும்.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஆற்றில் கழிவு விடுவதாக ஊரார் குற்றம் சாட்டும் ஆலை நிதி தர முன்வந்தால் வாங்குவதா, மறுப்பதா என்பதைப் பணம் வரும் முன்பே பொதுக்குழுவில் விவாதித்துத் தீர்மானமாக எழுதுங்கள். உப்பனாற்றில் மீன் செத்து மிதந்தால் உங்கள் குழு வாய் திறக்க முடியாத நிலைக்கு ஆளாகக்கூடாது. அந்த நிலை வரும் என்றால் அந்தப் பணம் வேண்டாம் என்பதே என் கருத்து.

7. காலக்கணக்கைப் பின்னோக்கிப் போடுதல்

களவேலை தொடங்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஜனவரியில் ரோந்து தொடங்க வேண்டும் என்றால் டிசம்பருக்குள் ஆட்களுக்குப் பயிற்சி முடிந்திருக்க வேண்டும். அதற்கு முன் பணம் வந்திருக்க வேண்டும். அதற்கும் முன் வனத்துறை அனுமதியும், வெளிநாட்டு நிதியானால் முன் அனுமதியும் கிடைத்திருக்க வேண்டும். கொடையாளரின் முடிவுக்கும் பல மாதங்கள் ஆகும். முந்தைய பருவம் முடிந்தவுடனேயே கருத்துரு போய்விட வேண்டும் என்பது இந்தக் கணக்கிலிருந்து புரியும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வெளி வேலையை அட்டவணையில் நிரப்பாதீர்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலும் நம் கரையில்தான் ஏறின. ஃபெஞ்சலை அடுத்துச் சாத்தனூர் அணை திறக்கப்பட்டதில் தென்பெண்ணைக் கரை ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கின. இடர்கள் என்ற பகுதியில் இவற்றைப் பெயர் சொல்லி எழுதி, புயல் வந்தால் எந்த வேலை எந்த மாதத்துக்குத் தள்ளிப்போகும் என்று காட்டினால், இடம் அறிந்தவர் எழுதியது என்பது தெரியும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்களோடு, இழுவலையில் சிக்கிய ஆமை தப்பிச் செல்ல வழிவிடும் ஆமை விலக்குக் கருவி பற்றிப் பேசவும் பயிற்சி நடத்தவும் அதைவிட ஏற்ற காலம் இல்லை.

8. வரவு செலவுத் திட்டம்

கருத்துருவை எழுதுமுன் இதைப் போட்டுவிடுங்கள். பணத்தைப் போட்டுப் பார்த்தால்தான் எந்த வேலை கைக்கு அடங்கும் என்று தெரியும். கதையை முதலில் எழுதினால் அதற்கேற்ப எண்களை வளைக்கத் தோன்றும்.

ஒவ்வொரு வரியையும் பெருக்கலாக எழுதுங்கள். “ரோந்துச் செலவு: 1,20,000” என்று மட்டும் போட்டால் அது கற்பனை எண்ணாகத் தெரியும். “2 பேர் × 120 இரவு × ரூ. 500 = ரூ. 1,20,000” என்று போட்டால் விவாதிக்கலாம், குறைக்கலாம், நம்பலாம். இங்குள்ள 500 ஓர் எடுத்துக்காட்டுதான். உங்கள் ஊரில் இரவுக் காவலுக்கு என்ன கூலியோ அதைப் போடுங்கள்.

இந்த இடத்தில் அடிக்கடி நேரும் தவறு ஒன்று உண்டு. முட்டையிடும் காலம் ஏப்ரலில் முடிகிறது என்பதால் செலவையும் ஏப்ரலோடு முடித்துவிடுகிறார்கள். ஏப்ரல் 30 இரவு இடப்பட்ட முட்டை 45 முதல் 60 நாளில் பொரிக்கும் என்றால், குஞ்சு வெளிவருவது ஜூன் 14க்கும் 29க்கும் இடையில். ஆகவே மே, ஜூன் இரண்டு மாதமும் பொரிப்பகத்துக்கு ஒரு காவலர் வேண்டும்: 1 × 61 × ரூ. 500 = ரூ. 30,500. இந்த வரி விட்டுப்போனால், கடைசிக் கூடுகள் மணலுக்குள் இருக்கும்போது கையில் காசு இருக்காது.

சிறிய வரிகளையும் விடாதீர்கள்: சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச் விளக்கு, மணலின் வெப்பத்தைப் பதியும் கருவி, மூங்கில், வலை, பெட்ரோல், ரோந்து செல்பவர்களுக்கு விபத்துக் காப்பீடு, தணிக்கைக் கட்டணம், வங்கிக் கட்டணம், நாணய மாற்று வேறுபாடு. வெப்பப் பதிவுக் கருவி ஆடம்பரம் அன்று. மணலின் சூட்டைப் பொறுத்தே குஞ்சு ஆணா பெண்ணா என்பது தீர்மானமாகிறது, சூடு கூடினால் பெண் குஞ்சுகளே மிகும். பொரிப்பகத்தில் நிழல் பந்தல் தேவையா என்பதை அந்தப் பதிவுதான் சொல்லும்.

நிர்வாகச் செலவுக்கு வெளிநாட்டுப் பங்களிப்பில் 20 விழுக்காடு உச்சவரம்பு உண்டு. கொடையாளரின் சொந்த வரம்பு அதற்கும் குறைவாக இருக்கலாம். உறுப்பினர்கள் தரும் ஊதியமில்லா உழைப்பு, வனத்துறை தரும் உதவி, ஊர் தரும் இடம் ஆகியவற்றைத் தனி நிரலில் உங்கள் பங்காகக் காட்டுங்கள்.

9. கருத்துருவை எழுதுதல்

இதுவரையிலான வேலை முடிந்திருந்தால் இந்தப் படி கடினமாக இராது. நான்காம் படியின் வாக்கியத்தை முதல் பத்தியின் முதல் வரியாக வையுங்கள். அடுத்து உங்கள் நோட்டின் தரவு. அதை அடுத்து என்ன செய்வீர்கள், யார் செய்வார், எந்த மாதத்தில். பிறகு பலனை எப்படி அளப்பீர்கள்.

செய்த வேலையும் விளைந்த பலனும் ஒன்றல்ல என்பதை ஒவ்வொரு வரியிலும் நினைவில் வையுங்கள். பள்ளிகளில் கூட்டம் நடத்தியது செய்த வேலை. வலைக் கூடை பதித்த கூடுகளில் நாய் தோண்டியவை எத்தனை, பதிக்காதவற்றில் எத்தனை என்ற ஒப்பீடு பலன். கொடையாளர் இரண்டாவதைத்தான் தேடுகிறார். கடலில் விட்ட குஞ்சுகளின் எண்ணிக்கையை மட்டும் பலனாகக் காட்டுவதும் போதாது. பொரித்த விழுக்காட்டையும், பொரிக்காத முட்டைகளைத் திறந்து பார்த்ததில் தெரிந்த காரணத்தையும் சேர்த்து எழுதுவதாக உறுதி கொடுங்கள். அப்படித் திறந்து பார்க்கவும் அனுமதிக் கடிதத்தில் இடம் கேட்டிருக்க வேண்டும்.

முறையைப் பற்றி ஐயம் எழும் இடங்களில் காரணத்தைச் சொல்லுங்கள். கூட்டை இருந்த இடத்திலேயே காப்பதா, பொரிப்பகத்துக்கு மாற்றுவதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இட்ட சில மணி நேரத்துக்குள், புரட்டாமல், அதே ஆழத்தில் மாற்றாவிட்டால் கரு சிதையும். அதனால் இருந்த இடத்திலேயே காப்பது முதல் தேர்வு, ஓதம் ஏறும் இடத்திலும் ஆள் நடமாட்டம் மிகுந்த இடத்திலும் மட்டும் மாற்றம் என்று எழுதும் குழுவை மதிப்பீட்டாளர் மதிப்பார்.

தமிழிலேயே முதலில் எழுதி, கரையில் நடப்பவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். “இது நடக்காது” என்று அவர்கள் சொல்லும் இடங்களைத் திருத்திவிட்டுப் பிறகு ஆங்கிலத்தில் எழுதுங்கள். ஆங்கிலத்துக்கு ஒரு கல்லூரி ஆசிரியரின் உதவி போதும். பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தில் துறை அறிந்தவர்கள் இருக்கிறார்கள், முறை பற்றிய ஆலோசனையையும் அங்கே கேட்கலாம்.

10. அனுப்பும் முன்

பரிந்துரை தருபவர்களிடம் கடைசி வாரத்தில் போய் நிற்காதீர்கள். கருத்துருவின் சுருக்கத்தையும் வரவு செலவையும் முன்னதாகவே கொடுத்தால்தான் அவர்களால் குறிப்பாக எழுத முடியும். கருத்துருவில் உள்ள தொகை, வரவு செலவின் கூட்டுத்தொகை, தீர்மானத்தில் உள்ள தொகை மூன்றும் ஒன்றா என்று திட்டத்தில் தொடர்பில்லாத ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். சங்கத்தின் பெயர் பான் அட்டையிலும் பதிவுச் சான்றிதழிலும் வங்கிக் கணக்கிலும் ஓரெழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும்.

11. பணம் வந்த பிறகு

முதல் நாளே தனிப் பணப்பதிவேடு தொடங்குங்கள். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தராதீர்கள். வருமான வரியில் அந்தச் செலவு ஏற்கப்படாமல் போகலாம். இரவு ரோந்துக் கூலிக்கு மாதக் கடைசியில் மொத்தமாகக் கையெழுத்து வாங்காமல், நடந்த ஒவ்வோர் இரவுக்கும் தேதியிட்டு வாங்குங்கள். அந்தத் தாள் கூலிக் கணக்கும் ஆகும், ஆள் நடந்த இரவுகளின் தரவும் ஆகும். வாங்கிய பொருள் ஒவ்வொன்றுக்கும் இருப்புப் பதிவேட்டில் எண் இருக்கட்டும்.

ஒரு தலைப்பில் உள்ள பணத்தை வேறு தலைப்புக்குச் செலவிட நேர்ந்தால், செலவிடும் முன் கொடையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். முன்கூட்டிக் கேட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். முடிந்த பிறகு சொன்னால் பயன்பாட்டுச் சான்றிதழில் இடிக்கும். எஃப்சிஆர்ஏ கணக்கு உள்ளவர்கள் எஃப்சி-4 ஆண்டறிக்கையை, செலவே இல்லாத ஆண்டானாலும், டிசம்பர் 31க்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

கூடுகள் குறைந்த பருவமாக இருந்தால் அறிக்கையில் அப்படியே எழுதுங்கள். ஆமை வருவது கடலின் பல காரணங்களைப் பொறுத்தது. கொடையாளருக்கும் அது தெரியும். அறிக்கையின் ஒரு பிரதி வனச்சரகருக்கும், இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம் ஊர்ப் பஞ்சாயத்துக்கும் போக வேண்டும். நோட்டின் மூலத் தரவைக் கணினியில் ஏற்றி மூன்று பேரிடம் பிரதி வையுங்கள்.

விண்ணப்பம் மறுக்கப்பட்டால் மதிப்பீட்டாளரின் குறிப்புகளைக் கேட்டு வாங்குங்கள். எல்லாரும் தருவதில்லை, கேட்டால் சிலர் தருவார்கள். தகுதியில் மறுத்திருந்தால் ஒன்றாம் இரண்டாம் படிகளுக்கும், முறையில் மறுத்திருந்தால் நான்காம் ஐந்தாம் படிகளுக்கும் திரும்பிப் போய்ச் சரிசெய்யுங்கள். நிதி கிடைத்தவர்கள் இரண்டாம் கட்ட விண்ணப்பத்துக்கான தரவு அட்டவணையை முதல் பருவத்தின் நடுவிலேயே தயாரிக்கத் தொடங்கிவிட வேண்டும். ஜூன் இறுதியில் கடைசிக் கூடு பொரித்தவுடன் அதைப் பூர்த்தி செய்து அனுப்பினால்தான் அடுத்த ஜனவரி ரோந்துக்குப் பணம் வந்துசேர வாய்ப்பிருக்கும்.